சாசேஜை எந்த வழியில் சமைக்கலாம்? கொழுப்பு போகும் திசையைப் பார்த்து முடிவெடுங்கள்

மசாலா சேர்த்த கொத்துக்கறியை மெல்லிய தோலுக்குள் அடைத்துச் செய்யும் சாசேஜை வாங்கி வந்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, பெரிய தீயில் போட்டுப் புரட்டி எடுப்பது. வெளியே கருகியிருக்கும், நடுவில் வெந்திருக்காது, தோல் ஒரு பக்கம் வெடித்து இறைச்சி பிதுங்கி நிற்கும். எவ்வளவு நல்ல சாசேஜாக இருந்தாலும் இப்படிச் செய்தால் அதன் அருமை தெரியாது. வேறு வழிகள் ஏராளமாக இருக்கின்றன. எது எதற்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம்: இதற்குள் இருக்கும் கொழுப்பு எங்கே போக வேண்டும்? வழக்கமான சாசேஜில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 20 முதல் 30 சதவீதம் வரை கொழுப்புதான். சேர்த்த மசாலாவின் மணத்தில் பெரும்பகுதி அதில்தான் கரைந்து நிற்கிறது. அது உள்ளேயே தங்கினால் கடிக்கும்போது சாறு. தட்டில் இருக்கும் காய்கறி மேல் இறங்கினால் காய்கறிக்கு ருசி. தக்காளியோடு கலந்தால் அருமையான சாஸ். கனலில் சொட்டினால் புகை. எந்த முறையை எடுத்தாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

அதற்கு முன், கையில் இருப்பது என்ன வகை என்று உறையைப் படித்துவிடுங்கள். இத்தாலிய வகைகளும் காலை உணவுக்கான சிறு சாசேஜ்களும் பெரும்பாலும் பச்சை இறைச்சி. முழுதாக வேக வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட்டர், வீனர், ஹாட் டாக் போன்றவை தயாரிக்கும்போதே வெந்தவை. நமக்கு வேலை சூடாக்கி நிறம் ஏற்றுவது மட்டும். ஸ்பெயினின் சொரிசோ பெரும்பாலும் உலர வைத்துப் பதப்படுத்தியது, மெக்சிகோவின் சொரிசோ பச்சை. ஜெர்மனியின் பிராட்வர்ஸ்ட் பச்சையாகவும் வரும், வெந்ததாகவும் வரும். பெயரை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதால்தான் உறையைப் படிக்கச் சொல்கிறேன்.

பச்சை சாசேஜ் வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பதப்படுத்தும் உப்பான நைட்ரைட் சேர்த்த இறைச்சி முழுதாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பன்றி, மாடு, ஆடு என்றால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கோழி, வான்கோழி என்றால் 74. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் அதைப் பக்கவாட்டில் குத்தாமல், ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் நடுவரை செலுத்துங்கள். துளை முனையில் மட்டும் விழும், சாறு வடியாது, சரியான நடுவெப்பமும் கிடைக்கும்.

வேகும் முன் முள்கரண்டியால் குத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தோல் வெடிக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வெடிப்பதற்குக் காரணம் துளை இல்லாதது அல்ல, தீ அதிகமானது. சூட்டில் தோல் சுருங்குகிறது, உள்ளே நீர் ஆவியாகி வெளியே தள்ளுகிறது. இரண்டும் வேகமாக நடந்தால் தோல் தாங்காது. மெதுவாக நடந்தால் தாங்கிக்கொள்ளும். குத்தினால் வெடிப்பு குறையலாம், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாறு அத்தனை துளை வழியாகவும் வாணலிக்குப் போய்விடும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

வாணலி: சிறு தீயா, தண்ணீரா?

கொழுப்பு உள்ளேயே நிற்க வேண்டும், தோலும் பளபளவென்று வர வேண்டும் என்றால் சிறு தீயில் நிதானமாகப் பொரிப்பதற்கு நிகர் இல்லை. அடிகனமான வாணலியைக் காயவைக்கக் கூடாது. குளிர்ந்த வாணலியிலேயே ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, சாசேஜ்களை இடைவெளி விட்டு அடுக்கி, அதன் பிறகு அடுப்பைச் சிறு தீயில் பற்ற வையுங்கள். முதல் 5 நிமிடம் எதுவுமே நடக்காதது போல் இருக்கும். அப்புறம் சாசேஜ் வாணலியைத் தொடும் விளிம்பில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வரும், மெல்லிய ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கடைசி வரை அதே அளவில் இருக்க வேண்டும். சடசடவென்று தெறித்தால் தீ அதிகம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கால்வாசி உருட்டிக்கொண்டே இருந்தால், சாம்பல் நிறத்தில் இருந்த தோல் வெளுத்து, பிறகு பொன்னிறமாகி, கடைசியில் செம்பு நிறத்தில் லேசான பிசுபிசுப்போடு மின்னும். தடிமனைப் பொறுத்து மொத்தம் 20 முதல் 25 நிமிடம். பொறுமை வேண்டும், கண்ணும் அங்கேயே இருக்க வேண்டும்.

அந்த நேரம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் முறை. வாணலியில் சாசேஜை வைத்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குள் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு மூடியை எடுத்தால் தண்ணீர் சுண்டிப்போய், அடியில் சாசேஜிலிருந்து கசிந்த கொழுப்பு மட்டும் நிற்கும். அந்தக் கொழுப்பிலேயே 5 நிமிடம் புரட்டினால் நிறம் வந்துவிடும். உள்ளே வேகுமோ வேகாதோ என்ற கவலை இதில் அநேகமாக இல்லை. தோலின் மொறுமொறுப்பு முதல் முறையைவிட ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவில் எதை எடுப்பது? தடிமனான பச்சை சாசேஜ், அடுப்படிக்குப் புதியவர், அடுப்பில் வேறு வேலையும் நடக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் முறை. மெல்லிய சாசேஜ், சாப்பிடப்போகிறவர்கள் தோலுக்காகவே சாப்பிடுகிறவர்கள் என்றால் சிறு தீ.

தண்ணீர் முறையில் கைவரிசை காட்ட இடமும் அதிகம். தண்ணீருக்குப் பதில் ஆப்பிள் சாறு, பியர், காய்கறி வேகவைத்த நீர் என்று எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். சுண்டும் தறுவாயில் நீளமாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டால், அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் அது துடைத்தெடுத்துக்கொள்ளும். பழச்சாறு ஊற்றியிருந்தால் கடைசி 5 நிமிடத்தில் தீயை இன்னும் குறையுங்கள். சர்க்கரை நொடியில் கருகிவிடும்.

வெந்நீரில் வேகவைப்பது

நிறமே வராத இந்த முறையைப் பலர் மதிப்பதில்லை. இறைச்சி பழுப்பேறி வறுத்த மணம் வர ஏறக்குறைய 140 டிகிரி சூடு வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வெந்நீரில் மட்டும் வெந்த பச்சை சாசேஜ் வெளிறித்தான் இருக்கும். ஆனால் மியூனிக்கின் வைஸ்வர்ஸ்ட் போல மாவாக அரைத்துச் செய்த வெள்ளை வகைகளுக்கு இதுதான் சரியான வழி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சாசேஜைப் போட்டு, மூடி வைத்து 10 நிமிடம் விட்டால் போதும். தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் தோல் கிழிந்து ருசி முழுவதும் தண்ணீரோடு போய்விடும்.

எனக்கு இந்த முறையின் பெரிய பயன் வேறு இடத்தில் தெரிகிறது: நிறையப் பேருக்குச் சமைக்கும் நாளில். பச்சை சாசேஜ்களை முந்தைய நாளே 80 டிகிரி அளவிலான வெந்நீரில் நடுப்பகுதி வேகும் வரை வைத்து எடுத்து, ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் கிரில்லிலோ வாணலியிலோ நிறம் ஏற்றி, உள்வரை நன்றாகச் சூடாக்கினால் முடிந்தது. உள்ளே வேகவில்லையோ என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஓவன் தட்டு

ஒரே தட்டில் முழுச் சாப்பாடும் முடிய வேண்டும் என்றால் ஓவன்தான். 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். சாசேஜிலிருந்து இறங்கும் கொழுப்பு கீழே இருக்கும் காய்கறிகளை வறுக்கிறது. தனியாக எண்ணெய் கிட்டத்தட்ட வேண்டாம். உருளைக்கிழங்கும் கேரட்டும் மெதுவாக வேகுபவை, அவற்றை 15 நிமிடம் முன்னதாகவே உள்ளே அனுப்பிவிடுங்கள். வெங்காயம், குடைமிளகாய், ஆப்பிள் துண்டுகள் சாசேஜோடு சேர்ந்தே போகலாம்.

நான் விரும்பிப் பரிந்துரைப்பது விதையில்லாத கறுப்புத் திராட்சை. முழுதாக ஒரு கைப்பிடியைத் தட்டில் சிதறவிடுங்கள். சூட்டில் தோல் சுருங்கி, சில பழங்கள் வெடித்து, சாறு கொழுப்போடு கலந்து தட்டின் அடியில் கருஞ்சிவப்பாகத் திரளும். அதன் புளிப்பு கொழுப்பின் கனத்தைக் குறைக்கிறது. இறுதியில் ஒரு தேக்கரண்டி வினிகரைத் தட்டில் விட்டு மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்தால் சாஸும் தயார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: நெருக்கி அடுக்காதீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் காய்கறியின் நீர் ஆவியாகி எல்லாமே அவிந்துபோகும். தட்டு சின்னதென்றால் இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஏர் ஃப்ரையர் இதற்குத் தம்பி முறை. 180 டிகிரியில் 10 முதல் 14 நிமிடத்தில் நல்ல தோல் கிடைக்கும், இரண்டு பேருக்கு வேலை சுலபம். ஆனால் கொழுப்பெல்லாம் கீழ்த்தட்டில் சொட்டி வீணாகிவிடுகிறது, அதை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அதுவே நல்லது. ருசிக்காகச் சமைப்பவர்களுக்கு ஓவன்.

நெருப்பும் கத்தியும்

கரி கிரில்லில் சொட்டும் கொழுப்பு கனலில் பட்டுப் புகையாகி மேலே ஏறுகிறது. அந்தப் புகைமணம் வேறு எந்த முறையிலும் வராது. சொட்டுவது அதிகமானால் தீ குபீரென்று எழும்பி, தோலில் கரிப்படிந்து கசக்கும். கனலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். சாசேஜ் முதலில் கனல் இல்லாத பக்கத்தில் மூடிக்குள் வேகட்டும். வெந்த பிறகு இரண்டு நிமிடம் கனல் மேல் உருட்டி எடுங்கள். நேராகக் கனல் மேல் வைத்துத் தொடங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

ஏற்கெனவே வெந்த வகைகளுக்குக் கத்தி ஒரு நல்ல துணை. அவற்றின் குறை, எல்லாம் ஒரே மென்மையாக இருப்பது. சுருள் வெட்டு அதைச் சரிசெய்கிறது. சாசேஜின் நடுவே நீளமாக ஒரு குச்சியைச் செருகி, பலகையில் வைத்து, சிறு கத்தியைச் சாய்வாகக் குச்சி தட்டும் வரை இறக்கி, சாசேஜை உருட்டிக்கொண்டே கடைசி வரை வெட்டிக்கொண்டு போங்கள். குச்சியை உருவிவிட்டு லேசாக இழுத்தால் ஸ்பிரிங் போல் விரியும். நெருப்பில் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாக மொறுமொறுவென்று சிவக்கும், கடுகு சாஸ் இடுக்குகளில் தங்கும். பச்சை சாசேஜில் இதைச் செய்ய முடியாது, உதிர்ந்துவிடும்.

குழந்தைகளுக்கென்றால் ஜப்பானில் மதிய உணவுப் பெட்டிகளில் வைக்கும் ஆக்டோபஸ் வீனர் இருக்கிறது. சின்ன வீனரின் கீழ்ப்பாதியை மட்டும் ஆறு அல்லது எட்டுக் கால்களாகக் கீறி வாணலியில் போட்டால், கால்கள் தாமாகவே வெளிப்பக்கம் சுருண்டு விரியும். வெளித்தோல் உள்ளிருக்கும் இறைச்சியைவிட அதிகமாகச் சுருங்குவதால் வரும் வளைவு அது. சிறு குழந்தைகளுக்குச் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் பிளந்து சிறு துண்டுகளாக்குங்கள்.

தோலை உரித்துவிட்டால்

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். சாசேஜை நீள உருண்டையாகவே பார்த்துப் பழகியதால், அதற்குள் இருப்பது பக்குவமாக உப்பும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்த கொத்துக்கறி என்பதை மறந்துவிடுகிறோம். கத்தி நுனியால் பச்சை சாசேஜின் தோலை நீளமாகக் கீறி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சட்டை போல் கழன்று வரும். அரைமணி நேரச் சமையலில் பாதி வேலையை வேறு யாரோ முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

சாஸ் செய்ய, கறியைச் சின்னச் சின்னக் கட்டிகளாகக் கிள்ளி, காய்ந்த வாணலியில் பரப்பி, கரண்டியால் அழுத்திவிட்டு 3 முதல் 4 நிமிடம் தொடாமல் விடுங்கள். போட்டவுடன் கிளறினால் நீர் விட்டு அவிந்துவிடும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் உடைத்துக் கிளறி, வெளியேறிய கொழுப்பிலேயே வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி சேர்த்துச் சுண்டவைத்தால் பாஸ்தாவுக்கோ சோற்றுக்கோ அருமையான சாஸ். தக்காளி சுண்டும் வரை உப்புப் பக்கம் போகாதீர்கள். சாசேஜில் ஏற்கெனவே உப்பு போதுமான அளவு இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்துத் தேவையென்றால் மட்டும் சேர்க்கலாம்.

உருண்டை பிடிப்பதற்கும் இதைவிட லேசானது இல்லை. முட்டையோ ரொட்டித்தூளோ வேண்டாம். உப்பு சேர்த்துப் பிசையும்போது இறைச்சியின் புரதம் வெளிவந்து பசை போலாகிவிடுகிறது. அதனால் கறி தானாகவே பிடித்துக்கொள்ளும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். குடைமிளகாயிலோ குடைந்த தக்காளியிலோ அடைத்து ஓவனில் வைக்கலாம். பஃப் பேஸ்ட்ரித் தாளில் நீளமாக வைத்துச் சுருட்டி, துண்டு போட்டு, 200 டிகிரியில் 25 நிமிடம் சுட்டால் சாசேஜ் ரோல்.

தோல் உரிப்பதில் இன்னொரு நன்மை, இரண்டே சாசேஜ் நாலு பேருக்கு வரும். இதை நான் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை ஏறக்குறைய 18 சதவீதம் கூட்டும் என்றது. சாசேஜைப் பிடித்தவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தட்டின் நடுவில் மூன்றாக வைப்பதைவிட, ஒரு பெரிய பாத்திரக் காய்கறிக்கும் பருப்புக்கும் ருசி தரும் பொருளாக வைத்துக்கொண்டால் அடிக்கடி சமைத்தாலும் உறுத்தாது.

பருப்பு என்றதும், அதையும் சொல்லிவிடுகிறேன். தோலோடு முழுதாகச் சிவக்கவைத்த சாசேஜை, பாதி வெந்த முழு மைசூர்ப் பருப்பிலோ வெள்ளை பீன்ஸிலோ புதைத்து, மூடி போட்டு அரைமணி நேரம் சிறு தீயில் விட்டால், பருப்பு கொழுப்பை முழுவதும் குடித்துக்கொள்ளும். தோல் மொறுமொறுப்பை இழந்துவிடும். அதற்கு ஈடாகப் பருப்பு கிடைக்கிறது. மழைக்கும் குளிருக்கும் இதுதான் சரி.

மாவில் புதைப்பது

இங்கிலாந்தின் டோட் இன் த ஹோல் பார்க்க அசத்தலாக இருக்கும், செய்ய அவ்வளவு கஷ்டமில்லை. முட்டை, பால், மைதா மூன்றையும் அளவுக் கோப்பையில் சம அளவு எடுத்து, சிட்டிகை உப்போடு கட்டியில்லாமல் கரைத்து அரைமணி நேரம் வையுங்கள். உலோகத் தட்டில் கொஞ்சம் எண்ணெயோடு சாசேஜ்களை 220 டிகிரி ஓவனில் 15 நிமிடம் சிவக்கவைத்து, எண்ணெய் புகையும் சூட்டில் இருக்கும்போதே கரைசலை ஊற்றி மறுபடி உள்ளே தள்ளுங்கள். 25 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் உப்பிய மாவு அமுங்கிவிடும். எண்ணெயின் சூட்டில்தான் எல்லாம் இருக்கிறது: கரைசல் விழுந்ததும் ஓரங்கள் உடனே பொரியத் தொடங்க வேண்டும். முட்டையும் பாலும் எப்போதும் இருக்கும் வீட்டில், எதிர்பாராமல் ஆள் வந்துவிட்டால் நாலு சாசேஜை வயிறு நிறையும் சாப்பாடாக மாற்ற இதுதான் வழி.

குச்சியில் செருகி மாவில் தோய்த்துப் பொரிக்கும் கார்ன் டாக் வெந்த சாசேஜுக்கு மட்டும். 175 முதல் 180 டிகிரி எண்ணெயில் 3 முதல் 4 நிமிடத்தில் மாவு சிவந்துவிடும். பச்சை சாசேஜ் அதற்குள் வேகாது. சாசேஜைத் துணியால் ஈரம் போக ஒற்றி, உலர்ந்த மாவில் ஒருமுறை புரட்டிய பிறகு கரைசலில் தோய்த்தால் மாவு வழுக்கி விழாது.

மைக்ரோவேவைப் பச்சை சாசேஜுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் வெடிக்கும், ஒரு பக்கம் குளிர்ந்தே இருக்கும், நிறமும் வராது.

சாசேஜ் சுமாரான தரம் என்றால் முறையை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடச் சாஸில் கவனம் வைப்பது மேல். 1949-ல் பெர்லினில் ஹெர்த்தா ஹாய்வர் விற்கத் தொடங்கிய கறிவர்ஸ்ட் அப்படிப்பட்டதுதான். பொரித்த சாசேஜைத் துண்டு போட்டு, தக்காளி சாஸில் கறித்தூள் கலந்து மேலே ஊற்றி, இன்னும் கொஞ்சம் தூளைத் தூவுவது. வீட்டில் செய்யும்போது கறித்தூளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அரை நிமிடம் வதக்கிவிட்டுத் தக்காளியைச் சேர்த்தால் பச்சை வாசனை போய்விடும்.

உலர்ந்த சொரிசோவுக்கு இந்த யோசனை எதுவும் தேவையில்லை. வட்டங்களாக நறுக்கி, எண்ணெயே விடாமல் சிறு தீயில் வைத்தால் அதில் சேர்த்த பாப்ரிகா மிளகாய்த்தூளின் நிறம் ஏறிய செந்நிறக் கொழுப்பு வாணலி முழுவதும் பரவும். அதில் முட்டையை உடைத்து ஊற்றுங்கள், அல்லது வேகவைத்த உருளைக்கிழங்கை வறுங்கள்.

எந்த முறையில் சமைத்தாலும் கூடுதலாகவே நாலைந்து சேர்த்துச் சமைத்துவிடலாம். சமைத்த சாசேஜ் குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 4 நாள் நன்றாக இருக்கும். பச்சை சாசேஜுக்கு 1 முதல் 2 நாள்தான் கணக்கு. குளிர்ந்ததைச் சாய்வாக, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, காய்ந்த வாணலியில் நன்றாகச் சூடாகும் வரை ஒரு பக்கம் மட்டும் ஆழ்ந்து சிவக்கவிடுங்கள். மறுபக்கத்தைக் கால் நிமிடம் காட்டினால் போதும்.